பள்ளிக் கச்சேரியிலிருந்து தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ரா வரை: பிரிட்டனில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

லண்டனில் நம் குடும்பங்கள் கூடும் இடங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: “மகன் பன்னிரண்டு வயதிலேயே வயலினில் கிரேடு 8 முடித்துவிட்டான். தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் சேர என்ன செய்ய வேண்டும்?” பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் எத்தனை வருடம் வாசித்திருக்கிறான் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: “அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை, கிரேடு தேர்வுகள் இருந்தன.”

எங்கள் வீட்டிலும் இதே கணக்கைத்தான் போட்டோம். எட்டுக் கிரேடு இசைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடித்தால் ஆர்கெஸ்ட்ரா தானாக வந்து சேரும் என்று நம்பினோம். வரவில்லை. என் மகள் இரண்டாவது முயற்சியில்தான் உள்ளே போனாள். இடைப்பட்ட ஒரு வருடத்தில் அவள் புதிய கிரேடு எதுவும் எழுதவில்லை. வாரா வாரம் நாற்பது பேரோடு உட்கார்ந்து வாசித்தாள், அவ்வளவுதான். அந்த வருடத்தில் நாங்கள் கற்றதை, ஆரம்பத்திலிருந்து வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

எங்கே போகிறோம்?

பிரிட்டனின் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவை 1948இல் ரூத் ரெயில்டன் என்ற பெண்மணி தொடங்கினார். போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. உணவுக்கு ரேஷன் இருந்த காலம். முதல் கச்சேரி அந்த ஆண்டு ஏப்ரலில் பாத் நகரில் நடந்தது. வேல்ஸ் அதற்கும் முன்னால், 1945இலேயே தனக்கென்று ஒரு இளையோர் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கிவிட்டது. ஸ்காட்லாந்துக்கு 1979 முதல் தனியாக ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளை அங்கே வளர்ந்தால் அவற்றையும் பாருங்கள்.

பிரிட்டன் ஆர்கெஸ்ட்ராவில் பதின்ம வயதினர் சுமார் 160 பேர் வாசிக்கிறார்கள். வழக்கமான பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 80 முதல் 100 பேர் இருப்பார்கள் என்றால் இதன் அளவு புரியும். எதிர்பார்க்கும் தரம் கிரேடு 8 டிஸ்டிங்ஷன், அதாவது கடைசிக் கிரேடில் மிக உயர்ந்த தேர்ச்சி. பள்ளி விடுமுறைகளில் புத்தாண்டை ஒட்டி, ஈஸ்டரை ஒட்டி, கோடையில் என மூன்று முறை ஓரிடத்தில் தங்கிப் பயிற்சி செய்துவிட்டுக் கச்சேரி செய்வார்கள். கோடையில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் என்ற கோடை இசைவிழா மேடை. புகழ்பெற்ற கண்டக்டர் (ஆர்கெஸ்ட்ராவை முன்நின்று நடத்துபவர்) சைமன் ராட்டில் இந்த ஆர்கெஸ்ட்ராவில் தாளவாத்தியம் வாசித்தவர். இசையமைப்பாளர் ஜூடித் வியர் இங்கே ஓபோ வாசித்தவர்.

இத்தனை பெரிய இடத்துக்குப் போகும் வழி, பள்ளியில் மதிய உணவு இடைவேளையில் நடக்கும் ஒத்திகையில்தான் தொடங்குகிறது.

படி 1: வாத்தியம்

நம் வீடுகளில் வயலின், பியானோ, புல்லாங்குழல் இந்த மூன்றைத் தாண்டி யோசிப்பது குறைவு. பியானோவுக்கு ஆர்கெஸ்ட்ராவில் இடம் மிகக் குறைவு. ஃப்ளூட்டுக்கு இரண்டு மூன்று நாற்காலிதான், ஆனால் வாசிப்பவர்கள் ஏராளம். வயலினுக்கு நாற்காலிகள் அதிகம், போட்டியும் அதிகம். பஸ்ஸூன், ஓபோ, பிரெஞ்சு ஹார்ன், வியோலா, டபுள் பேஸ் வாசிக்கும் பிள்ளைகளைத்தான் எல்லா இளையோர் ஆர்கெஸ்ட்ராக்களும் தேடிக்கொண்டே இருக்கின்றன. பல பள்ளிகளில் இந்த வாத்தியங்கள் அலமாரியில் சும்மா கிடக்கும். கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள்.

வயலின் நன்றாக வாசிக்கும் பிள்ளை வியோலாவுக்கு மாறச் சில மாதங்கள் போதும். நான்கில் மூன்று தந்திகள் அதேதான், அடியில் ஒரு தந்தி கூடுதலாக வரும். புதிய க்ளெஃப் (வரிகளில் எது எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) ஒன்றைப் படிக்கப் பழக வேண்டும். கை கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். என் மகள் மாறியபோது எனக்கு மனசே இல்லை. இரண்டாம் தரம் என்று நினைத்தேன். இன்று அந்த அடித்தந்தியின் ஒலி வீட்டில் கேட்காத நாள் எனக்கு நிறைவதில்லை. ஆனால் ஒன்று: இடம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். பிள்ளை அந்த ஒலியைக் கேட்டு, விரும்பி மாற வேண்டும்.

கர்நாடக வயலினும் கற்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. இதை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே வயலினைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே ச-ப-ச-ப என்று பாடகரின் கட்டைக்குச் சேர்ப்போம். இங்கே ஜி-டி-ஏ-ஈ. தினமும் பிருடையை முறுக்கி இறக்கி ஏற்றினால் தந்தி அறும், தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், சுருதி நிற்கவே நிற்காது. பழைய வயலின் ஒன்றைக் கர்நாடகத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், உட்கார்ந்து காலில் சாய்த்து வாசித்துப் பழகிய இடது கைக்கு, நின்று தோளில் பிடிக்கும்போது தாங்கும் முறையே வேறு. இரண்டு ஆசிரியர்களுக்கும் மற்றவர் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

வாங்கும் செலவு பற்றி: இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் படித்து அங்கேயே வாத்திய வகுப்பும் எடுக்கும் பிள்ளைக்கு, பள்ளி வழியாக வாங்கினால் 20 சதவீத வாட் வரி இல்லாமல் வாத்தியம் கிடைக்கும் திட்டம் உண்டு. பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

படி 2: வாரம் ஒருமுறை கூட்டமாக வாசிப்பது

பள்ளியில் ஆர்கெஸ்ட்ரா இருந்தால் முதல் தவணையிலேயே சேர்த்துவிடுங்கள். கிரேடு 2, 3 தரம் போதும். இல்லையென்றால் உங்கள் பகுதியின் மியூசிக் ஹப்பைத் தேடுங்கள். 2012இலிருந்து இங்கிலாந்து முழுவதும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வாத்தியம் வாடகைக்குக் கொடுப்பார்கள், குறைந்த கட்டணத்தில் குழு வகுப்புகளும் பல நிலை ஆர்கெஸ்ட்ராக்களும் நடத்துவார்கள்.

பெரும்பாலும் இவை சனிக்கிழமை காலையில் நடக்கும். நம் தமிழ்ப் பள்ளியும் அதே நேரம்தான். இது பல வீடுகளில் பெரிய சண்டை. எங்களுக்கும் தீர்க்க ஒரு வருடம் பிடித்தது. ஞாயிறு நடக்கும் தமிழ் வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தோம். தூரம்தான், ஆனால் இரண்டில் எதையும் விடவில்லை. உங்கள் பகுதியில் அப்படி இல்லையென்றால் வார நாள் மாலையில் ஒத்திகை வைக்கும் ஆர்கெஸ்ட்ராவைத் தேடுங்கள். பிள்ளையை ஒரு சனி இங்கே, ஒரு சனி அங்கே என்று அனுப்புவது மட்டும் வேண்டாம். பாதி ஒத்திகைக்கு வரும் பிள்ளை மற்றவர்களின் வாசிப்பையும் குலைக்கும்.

படி 3: பள்ளிக் கச்சேரி

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். டிசம்பரில் பள்ளி ஹாலில் நடக்கும் அரை மணி நேரக் கச்சேரியில் ஒரு பிள்ளை கற்பது, தேசிய ஆர்கெஸ்ட்ரா வரை கூடவே வரும்.

இசைத்தாளைக் கையில் வாங்கியதும் முதல் வேலை, பென்சில். பேனா கூடாது. தாள் பள்ளிக்குச் சொந்தம், அடுத்த வருடம் வேறு பிள்ளை வாசிக்கும். ஒத்திகையில் கண்டக்டர் சொல்வதையெல்லாம் அந்த நொடியே குறிக்க வேண்டும். இங்கே மெதுவாக, இங்கே நிறுத்தம், இங்கே அவரைப் பார். கவனம் தேவைப்படும் இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைவது இங்கே எல்லா ஆர்கெஸ்ட்ராக்களிலும் வழக்கம். வில் வாத்தியங்களில், செக்ஷனின் (ஒரே வாத்தியக்காரர்கள் குழுவின்) முதல் டெஸ்க்கில் (இருவர் சேர்ந்து உட்காரும் இடத்தில்) இருப்பவர் வில்லை எங்கே இழுப்பது, எங்கே தள்ளுவது என்று முடிவு செய்வார். அந்தக் குறி ஒவ்வொரு டெஸ்க்காகப் பின்னால் வரும். தன் வில் மட்டும் எதிர்த்திசையில் போகக்கூடாது.

ஒரு ஸ்டாண்டை இருவர் பகிர்வார்கள். பார்வையாளர் பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார், உள்பக்கம் இருப்பவர் பக்கம் திருப்புவார். வரி இரண்டாகப் பிரிந்தால் வெளிப்பக்கம் மேல்ஸ்வரம், உள்பக்கம் கீழ்ஸ்வரம். இந்தச் சின்ன ஒழுங்குகளைத் தெரியாமல் கிரேடு 8 வரை வந்துவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரிய ஆர்கெஸ்ட்ராவின் முதல் ஒத்திகையில் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த தவிப்பு மறக்கவில்லை.

அடுத்தது, வாசிக்காமல் இருக்கும் நேரம். தனியாக வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இதுதான் மிகக் கடினம். தாளில் ஒரு தடித்த கோட்டின் மேல் 16 என்று எழுதியிருக்கும். பதினாறு அளவுகள் (பார்கள், நம் தாளச் சுற்று போல) சும்மா எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். என் மகளின் முதல் கச்சேரியில் அவள் எண்ணிக்கை தவறி, இரண்டு அளவு முன்னதாகவே நுழைந்துவிட்டாள். உடனே நிறுத்தி, தலையைக் குனிந்து, அந்தப் பாட்டு முடியும் வரை வில்லையே எடுக்கவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அவளிடம் சொன்னது: தொலைந்துபோனால் பக்கத்தில் இருப்பவரின் வில்லைப் பார், அடுத்த பெரிய எழுத்தில் திரும்பச் சேர்ந்துகொள். தாளில் ஏ, பி, சி என்று கட்டம் போட்ட எழுத்துகள் இருப்பதே அதற்காகத்தான்.

எண்ணுவதற்கு நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. லகுவுக்கு விரல் எண்ணிப் பழகிய கை, அளவுகளையும் அப்படியே எண்ணும். மடியில் வாத்தியம் இருக்க, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விரல். யாருக்கும் தெரியாது, சத்தமும் இல்லை. தொடையில் தட்டுவதும் காலால் தாளம் போடுவதும் மட்டும் கூடாது. நாற்பது பேர் ஆளுக்கொரு கால் தட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எண்ணுவதோடு, தனக்கு முன்னால் யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. ‘டிரம்பெட்டுக்கு அப்புறம் நாம்’ என்று தாளில் எழுதிவிட்டால் எண்ணிக்கை தவறினாலும் கவலையில்லை.

காத்திருப்பதும் வாசிப்பில் சேர்ந்ததுதான் என்று பிள்ளைக்குப் புரியவைக்க ஒரு நல்ல உதாரணம், ட்வோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி. நாற்பது நிமிடத்துக்கு மேல் போகும் அந்தப் படைப்பில் சிம்பல் ஒலிப்பது ஒரே ஒரு முறை. ட்யூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டும் சில ஸ்வரங்கள். அந்தச் சில ஸ்வரங்கள் இல்லாமல் அந்தப் பகுதியின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், தரை இல்லாத வீடு போல இருக்கும்.

சுருதி பற்றி. ஆர்கெஸ்ட்ராவில் ஓபோ ஒரு ‘ஏ’ கொடுக்கும், எல்லோரும் அதற்குச் சேர்ப்பார்கள். அவ்வளவுதான். தம்புராவோ சுருதிப் பெட்டியோ பின்னால் ஒலித்துக்கொண்டிருக்காது. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு முதலில் பிடிமானம் இல்லாதது போல இருக்கும். இனி அடிப்படை ஒலி தனக்குக் கீழே வாசிக்கும் செல்லோவிலும் டபுள் பேஸிலும் இருக்கிறது, அதைக் கேட்டுச் சேர் என்று சொல்லுங்கள். கமகம் பழகிய விரல் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும். இங்கே இருபது வயலின்கள் ஒரே ஸ்வரத்தை அசையாமல் பிடிக்க வேண்டிய இடங்கள் நிறைய. அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். அதே சமயம், பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: தன் வாசிப்பைக் குறைத்து இன்னொருவரைக் கேட்கும் காது. ஆர்கெஸ்ட்ராவுக்கு வேண்டியது அதுவேதான்.

கச்சேரி நாளுக்குப் பெற்றோர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கறுப்பு உடை என்றால் சாக்ஸும் கறுப்பு. முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு வெள்ளை சாக்ஸ்தான் முதலில் கண்ணில் படும். பெட்டியில் ஒரு செட் தந்தி, ரோசின் (வில்லுக்குத் தேய்க்கும் பிசின்), இரண்டு பென்சில். ஓபோ, கிளாரினெட் என்றால் கூடுதல் ரீடு. பித்தளை வாத்தியம் என்றால் வால்வ் எண்ணெய். அரை மணி முன்னதாகக் கொண்டுபோய் விடுங்கள். குளிர் காலத்தில் காரிலிருந்து இறங்கிய வாத்தியம் அறைச் சூட்டுக்கு வர நேரம் எடுக்கும், அதுவரை சுருதி நிற்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளையின் உருப்படி முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். கடைசி வரை இருந்து எல்லோருக்கும் கை தட்டுங்கள். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்பதும் கச்சேரிதான் என்று பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் கற்கும். வீடு திரும்பும்போது ‘எங்கே தப்பு விட்டாய்’ என்று கேட்காமல், ‘உன் பக்கத்தில் இருந்தது யார், எந்த இடத்தில் சேர்ந்து வாசிக்க நன்றாக இருந்தது’ என்று கேளுங்கள். எங்கள் மகள் அந்தக் கேள்விக்கு வீடு வரும் வரை பதில் சொல்லுவாள்.

படி 4: கிரேடுகளும் பார்த்தவுடன் வாசிப்பதும்

கிரேடு தேர்வுகளை நடத்தும் ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் தேர்வுகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒழுங்கு வரும், ஸ்கேல் (ஸ்வர வரிசை) உறுதியாகும். 150 மதிப்பெண்ணுக்கு 100 எடுத்தால் தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். கிரேடு 6உம் அதற்கு மேலும் எழுத கிரேடு 5 தியரி வேண்டும்.

ஆனால் 2020 முதல் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பும் இன்னொரு வகைத் தேர்வும் வந்திருக்கிறது. அதில் நான்கு பாடல்கள் வாசித்தால் போதும். ஸ்கேலும் இல்லை, சைட் ரீடிங்கும் (பார்த்தவுடன் வாசிப்பது) இல்லை. பிள்ளைகளுக்கு இது வசதி. ஆர்கெஸ்ட்ரா கனவு இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு பள்ளம். நேரில் நடக்கும் தேர்வில்கூட சைட் ரீடிங்குக்கு 21 மதிப்பெண்தான், அதைக் கோட்டை விட்டும் தேறிவிடலாம். ஆர்கெஸ்ட்ராவில் அப்படி விட முடியாது. முதல் ஒத்திகையில் யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள், தாளை வைத்ததும் கண்டக்டரின் கை இறங்கும்.

தினமும் பத்து நிமிடம் போதும். முன்பு பார்க்காத ஒரு பக்கத்தை எடுத்து, அரை நிமிடம் கண்ணால் பார்த்துவிட்டு, மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) மெதுவாக வைத்து, நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். தப்பினால் திரும்பிப் போகக் கூடாது. சில ஸ்வரங்கள் போனாலும் பரவாயில்லை, தாளம் போகக்கூடாது. தாள்களுக்குச் செலவு இல்லை: காப்புரிமை முடிந்த பழைய சிம்பொனிகளின் வாத்தியத் தாள்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பீத்தோவன், பிராம்ஸ், ட்வோர்ஷாக் எல்லாமே. ஒலிப்பதிவைப் போட்டு அதோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பாதிதான் பிடிபடும். ஆறு மாதத்தில் காதும் கண்ணும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும்.

படி 5: நடுவில் உள்ள படிகள்

பள்ளிக்கும் தேசிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் நடுவே பல வாசல்கள் உண்டு. உங்கள் பரோ அல்லது கவுன்ட்டியின் இளையோர் ஆர்கெஸ்ட்ரா முதலில். சிறியவர்களுக்கு 1978இல் தொடங்கிய தேசியச் சிறுவர் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. லண்டனில் ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்ட்ஹால், டிரினிட்டி லபான் போன்ற இசைக் கல்லூரிகளின் இளையோர் பிரிவுகள் சனிக்கிழமை முழு நாள் நடக்கின்றன. கட்டணம் அதிகம், ஆனால் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுக்கிறார்கள். கட்டண அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பள்ளி ஆர்கெஸ்ட்ரா நன்றாக இருந்தால் ‘மியூசிக் ஃபார் யூத்’ விழாக்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆசிரியரைக் கேளுங்கள். அதன் வழியாகச் சாதாரண அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் ஆல்பர்ட் ஹால் மேடை ஏறியிருக்கிறார்கள்.

தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ராவே ‘இன்ஸ்பயர்’ என்ற பெயரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை முன்வைத்து ஒரு திட்டம் நடத்துகிறது. ஆர்கெஸ்ட்ராவில் இருக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு அதில் கிடைக்கும். டிஸ்டிங்ஷன் தரத்தை இன்னும் எட்டாத பிள்ளைக்கு இது மிக நல்ல இடம்.

படி 6: விண்ணப்பமும் ஆடிஷனும்

வழக்கமாகக் கோடையில் விண்ணப்பம், இலையுதிர் காலத்தில் ஆடிஷன், புத்தாண்டை ஒட்டி முதல் முகாம். ஆகவே ஜூன் மாதமே அவர்கள் தளத்தைப் பாருங்கள். என்ன வாசிக்க வேண்டும் என்று அந்த வருடத்துக்கான குறிப்பை வெளியிடுவார்கள். போன வருடம் போன பிள்ளை சொன்னதை நம்பித் தயாராகாதீர்கள்.

இளையோர் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன்களில் பொதுவாகப் பிள்ளை தானே தேர்ந்தெடுத்த ஒரு பாடலும், ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளிலிருந்து எடுத்த சில துண்டுகளும் கேட்பார்கள். ஸ்கேலும் சைட் ரீடிங்கும் சேரலாம்.

சொந்தப் பாடலுக்கு, பிள்ளைக்குச் சுலபமாக வரும் ஒன்றை எடுங்கள். மிகக் கடினமான கன்செர்ட்டோவை (தனி வாத்தியத்தை முன்னிறுத்தும் பெரிய படைப்பு) தட்டுத்தடுமாறி வாசிப்பதைவிட, ஒரு படி எளிதான பாடலை நல்ல தொனியில், நிலையான தாளத்தில் வாசிப்பதைத்தான் கேட்பவர்கள் விரும்புவார்கள். இந்த இடத்தில் பெற்றோரின் ஆசை குறுக்கே வரும். வரவிடாதீர்கள்.

ஆர்கெஸ்ட்ராத் துண்டுகளுக்கு வேறு வகை உழைப்பு வேண்டும். முதல் வருடம் என் மகள் தோற்றது இங்கேதான். வயலின் கன்செர்ட்டோ அருமையாக வாசித்தாள். துண்டுகளை, ஸ்வரம் சரி, வேகம் சரி என்று தனிப் பயிற்சியாகவே வாசித்தாள். அந்த நேரத்தில் ஹார்ன் என்ன செய்கிறது, தான் மெலடியா அல்லது பின்னணியா என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவது வருடம் வேறு மாதிரி செய்தோம். முதலில் முழுப் படைப்பையும் கேட்டாள், குறைந்தது மூன்று வெவ்வேறு ஆர்கெஸ்ட்ராக்களின் பதிவில். பிறகு எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள முழு ஸ்கோரை விரித்து, தன் வரிக்கு மேலும் கீழும் யார் இருக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்தாள். அதன் பிறகுதான் வில்லை எடுத்தாள். தாளில் மெல்ல என்று போட்டிருந்தால் உண்மையிலேயே மெல்ல வாசித்தாள். அந்த மெல்லிய ஒலியை வில்லின் நுனியில் தடங்கல் இல்லாமல் பிடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. தொடங்கும் முன் மனதுக்குள் இரண்டு அளவு எண்ணி, அந்த வேகத்தோடு உள்ளே நுழையப் பழகினாள்.

ஆடிஷனுக்கு முன் மூன்று முறையாவது வேறு ஆட்கள் முன்னால் வாசிக்க வையுங்கள். பாட்டி தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. ஒரு முறை மாடிப்படி ஏறி இறங்கி, இதயம் படபடக்கும்போதே வாசிக்கச் சொல்லுங்கள். அன்று காலையில் வில் நடுங்கினால் அது புதிதாக இருக்காது.

பணம் ஒரு பிள்ளைக்குத் தடையாக இருக்கக்கூடாது என்பது இந்த ஆர்கெஸ்ட்ராவின் கொள்கை. வீட்டில் கையிருப்பு குறைவு என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். முதலில் எழுதிக் கேளுங்கள்.

படி 7: பதில் வரும் நாள்

இல்லை என்று வந்தால், அன்று எதுவும் பேசாதீர்கள். பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, அவர்கள் கருத்து ஏதாவது எழுதியிருந்தால் ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள். உறவுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இருப்பது நல்லது. ‘என்ன ஆச்சு’ என்று ஒவ்வொருவரும் கேட்கும்போது பிள்ளைக்குத்தான் வலிக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தவறு நடந்தது, ஒரு பொங்கல் முழுவதும் அவள் அறையை விட்டு வரவில்லை.

கிடைத்தாலும் அது ஒரு வருடத்துக்கான இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடத்துக்கு மறுபடி தயாராக வேண்டும். உடனே பரீட்சை நாட்காட்டியையும் எடுத்துப் பாருங்கள். ஈஸ்டர் முகாம், ஜிசிஎஸ்இ, ஏ லெவல் எழுதும் பிள்ளைகளுக்குச் சரியாகப் படிக்கும் விடுமுறையில் வரும். பதினொன்றாம், பதின்மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே பாடங்களைத் திரும்பப் படிக்கத் தொடங்கிவிட வேண்டும். பள்ளிக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். இசை ஆசிரியருக்கு இது பெருமையான செய்தி, அவரே மற்ற ஆசிரியர்களிடம் பேசுவார்.

படி 8: முகாம்

முதல் நாள் தாள்கள் பழகியிருக்க வேண்டும். அனுப்பிய நாளிலிருந்து தினமும் பாருங்கள். முகாமில் தனித்தனி செக்ஷனாகத் தொழில்முறைக் கலைஞர்கள் பயிற்சி கொடுப்பார்கள், பிறகு முழு ஆர்கெஸ்ட்ராவாகச் சேர்வார்கள். நாள் முழுக்க வாசிப்பு. வீட்டில் ஒரு மணி நேரம் வாசிக்கும் பிள்ளை திடீரென்று ஆறு மணி நேரம் வாசித்தால் தோளும் மணிக்கட்டும் தாங்காது. முந்தைய மாதமே நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓய்வு. வலி வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் அங்கே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள். டிரம்பெட்டுக்கும் தாளவாத்தியத்துக்கும் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் காதுச் செருகி கட்டாயம். சைவ உணவு வேண்டுமென்றால் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

இந்த ஆர்கெஸ்ட்ரா என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். 2012இல் இசையமைப்பாளர் அனா மெரெடித் இவர்களுக்காக ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ என்று ஒரு படைப்பு எழுதினார். அதில் வாத்தியமே இல்லை. அத்தனை பிள்ளைகளும் கை தட்டி, உடம்பில் தட்டி, காலால் மிதித்து, வாயால் ஒலி எழுப்பி வாசித்தார்கள். அதைப் பார்த்தபோது கொன்னக்கோல் சொல்லியும் கையால் தாளம் போட்டும் வளர்ந்த நம் பிள்ளைகள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றுக்கு அந்த மேடையில் இடம் இருக்கிறது.

ப்ராம்ஸ் கச்சேரிக்கு உட்காரும் டிக்கெட் கிடைக்காவிட்டால், நின்று கேட்கும் டிக்கெட்டைப் பாருங்கள். ஆல்பர்ட் ஹாலின் நடுத்தளத்திலும் மேல் மாடத்திலும் நின்றபடி குறைந்த விலையில் கேட்கலாம். நாங்கள் மேல் மாடத்தில் நின்றோம். அங்கிருந்து முகங்கள் தெரியாது. ஐயாயிரம் பேர் கொள்ளும் அந்த மண்டபத்தின் அடியில், வியோலா வரிசையில் நான்காவது டெஸ்க், உள்பக்கம் என்று அவள் சொல்லியிருந்ததை வைத்து மகளைத் தேடினேன். பக்கம் திருப்ப ஒரு கை எழுந்தது. அந்தக் கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.